இடது பக்கத்துச் சாக்ஸபோன்

பிப்ரவரியில் ஒரு காலை, காப்பி ஆறுவதற்குள், ஹென்னிங் ரவ்னின் வீட்டில் சாக்ஸபோன் காணாமல் போனது.

வாத்தியம் அல்ல. ஹென்னிங்குக்குச் சீழ்க்கை அடிப்பதைத் தவிர எந்த வாத்தியமும் வராது. காணாமல் போனது இசைத்தட்டுக்குள் இருந்த சாக்ஸபோன். ஹார்லன் வீட்டி என்ற அமெரிக்கர் கோபன்ஹேகனுக்குக் குடிவந்த புதிதில், அறுபதுகளின் ஆரம்பத்தில், உள்ளூர்க்காரர்கள் மூவரைச் சேர்த்துக்கொண்டு வாசித்த தட்டு அது. 'துறைமுகத்து ஞாயிறு' என்று பெயர். ஸ்டீரியோ அப்போதுதான் வந்திருந்தது. பதிவு செய்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாக்ஸபோனை முழுசாக இடது பக்கம் நிறுத்திவிட்டு, பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றையும் வலது பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்து ஜாஸ் தட்டுகளில் பலவும் இப்படித்தான்.

கீழ்வீட்டுக்குக் கைக்குழந்தை வந்திருந்தது. சத்தம் வேண்டாமே என்று, மகள் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த ஹெட்போனை அன்றுதான் ஹென்னிங் முதன்முதலாக மாட்டினார். பியானோ வந்தது. டிரம்ஸ் வந்தது. சாக்ஸபோன் நுழைய வேண்டிய இடமும் வந்தது. யாரும் நுழையவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தம் காதைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். தட்டு கேட்கிற ஜாதி வேறு. வீட்டுக் கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் முதலில் வயரைத்தான் பார்க்கும். முள்ளைத் தாங்கும் தலைக்குப் பின்னால் மயிரிழை மாதிரி சில கம்பிகள் உண்டு. அதில் ஒன்று விட்டுப்போயிருக்கும் என்று ஹென்னிங் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

கம்பிகளை மாற்றினார். முள்ளை மாற்றினார். பின்பக்கத்து வயரை மாற்றினார். தட்டைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரி குளிப்பாட்டித் துடைத்தார். சாக்ஸபோன் வரவில்லை. கடைசியில் பழி ஹெட்போன் மேல் விழுந்தது. ஓடென்சேயில் இருக்கிற மகளுக்கு, எப்போதும்போல வலது காதில் போனை வைத்துக்கொண்டு, புகார் சொன்னார்.

"அம்மாடி, நீ வாங்கிக் கொடுத்தது ஒரு பக்கம் வேலை செய்யல."

"அப்பா, நான் கடையிலயே போட்டுக் கேட்டுட்டுத்தான் வாங்குனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"கடையில நல்லாத்தான் இருக்கும். அதான் கடை."

மகளுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாள். ஹென்னிங் ஆம்ப்ளிஃபயரைப் போர்வையில் சுற்றி, தட்டையும் ஹெட்போனையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தான் முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய அதே பஸ்ஸில் ஏறி, ரிப்பேர்க்காரர் கெர்ட்டிடம் போனார். அவர்கள் ஊரான ஆல்போர்கில் ரேடியோ, கிராமபோன் எதுவானாலும் கெர்ட்தான். கடை, ஃபியோர்டு என்கிற கடற்கழிக்குப் போகிற தெருவில் ஒரு படி இறங்கினால் இருக்கும்.

கெர்ட் ஆம்ப்ளிஃபயரை மாட்டி, தட்டைப் போட்டு, ஹெட்போனைக் காதில் வைத்தார். தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஹென்னிங், இதுல என்ன கோளாறு? மனுஷன் என்னமா ஊதுறான்!"

"எங்க, குடு." ஹென்னிங் வாங்கி மாட்டினார். பியானோ, பாஸ், டிரம்ஸ். "பாத்தியா! இங்கயும் போச்சு. உன் கடைக் கரண்ட்டே சரியில்ல."

கெர்ட் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எட்டி, ஹெட்போனைக் கழற்றி, திருப்பி, இடது பக்கம் வலது காதில் வருகிற மாதிரி மாட்டிவிட்டார்.

சாக்ஸபோன் வந்தது. சும்மா வரவில்லை, பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி வந்தது. பியானோவும் மற்ற இரண்டும் சுத்தமாக மறைந்துவிட்டன.

ஹென்னிங் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தார்.

"இருடா, உக்காரு. காப்பி போடுறேன். இதுக்கு ஒரு வழி இருக்கு..." என்றார் கெர்ட்.

ஹென்னிங் கேட்கிற நிலையில் இல்லை. படியேறித் தெருவுக்குப் போய்விட்டார்.

அடுத்துப் போய்ப் பார்த்த காது டாக்டர் ஒரு இளவயதுப் பெண், கனிவாகத்தான் சொன்னாள். இடது காது ரொம்ப நாளாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அநேகமாக ஒன்றுமில்லை. கருவி வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இருக்காது. வலது காது வயசுக்கு நன்றாகவே இருக்கிறது.

"என்ன வேலை பார்த்தீங்க?"

"பஸ் டிரைவர்."

"டிரைவர் சீட்டுக்கு இடது பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்குமோ?"

"குளிர்காலத்துலயும் திறந்துதான் வைப்பேன். தூக்கம் வராம இருக்க." பிறகு ஹென்னிங் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா டாக்டர், எழுபத்திரண்டுல இங்க ஒரு கச்சேரி நடந்துச்சு. ராக் கச்சேரி. இடது பக்கத்து ஸ்பீக்கர் கோபுரத்தைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அதுதான் காரணம்னு எழுதிக்கலாமே?"

டாக்டர் சிரித்துவிட்டாள். காரணம் எதுவானாலும் காது ஒன்றுதான். ஆனாலும் ஜன்னல் காற்றுக்குக் காதைக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

இதில் இவ்வளவு துக்கப்பட என்ன இருக்கிறது, இன்னொரு காது இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு 'ஒரு பக்கம்' சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊருக்குக் கிழக்கே தோட்டக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு மரக்கூடம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பாதிப் பேர் ஜாஸ் பைத்தியம், பாதிப் பேர் பழைய ராக் பைத்தியம், எல்லோரும் சேர்ந்தால் முழுப் பைத்தியம். ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவார்கள்; ஒரு பக்கம் மட்டும் ஓடும். முள் தட்டில் இருக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. காப்பிக் கோப்பை சாசரில் உரசக் கூடாது. கூரையில் நெருப்புப் பிடித்தாலும் பக்கம் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓடிய பக்கம் அதே நாளில் மறுபடி ஓடாது. நடுவில் காப்பியும் கேக்கும், தாங்கள் பார்த்த கச்சேரிகளைப் பற்றிய அளப்பும். அந்த எழுபத்திரண்டாம் வருஷக் கச்சேரிக்குப் போனதாகச் சொல்லிக்கொள்கிறவர்களை எல்லாம் உட்கார வைப்பதானால் அந்த அரங்கத்தைப் போல இன்னும் மூன்று கட்ட வேண்டியிருக்கும்.

சங்கத்தின் சாமி ப்ரெபென். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் அவருடையவை. கன்றுக்குட்டி கனம் கனக்கும் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை வேறு யாரும் தொடக் கூடாது. அதன் முன்பக்கத்தில் 'மோனோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இரண்டு பக்கத்து ஒலியும் கலந்து ஒன்றாகி இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரேமாதிரி வரும். ப்ரெபெனுக்கு அது பாவம். யாராவது கைதவறி அழுத்திவிடப் போகிறார்களே என்று, பல வருஷம் முன்பே அதன் மேல் தோல்நிற டேப்பை ஒட்டிவிட்டார்.

"வாத்தியக்காரன் எங்க நிக்கிறான்னு கண்ணை மூடிக்கிட்டுக் காட்டத் தெரியணும். தெரியாதவன் ரேடியோ கேட்டுக்கிட்டு வீட்டுல கிடக்கட்டும்," என்பார்.

இந்த மாதிரிப் பேச்சைத் தாங்காமல் ஒருவர் போயிருந்தார். லைஃப் என்று ஒரு தச்சர். இரண்டு காதிலும் கருவி வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு வந்தார். கருவி இசையின் நடுவில் கீச்சென்று கத்தியது. அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. யாரும் போய்க் கேட்கவில்லை. 'லைஃப் இருந்தப்ப' என்று செத்துப்போனவரைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லைஃபோ நான்கு தெரு தள்ளி, நன்றாகத்தான் உயிரோடு இருந்தார்.

இன்னொரு வழக்கம் உண்டு, எல்லாவற்றிலும் பெரியது. சங்கத்தில் யாருக்காவது எழுபது வயது நிறைந்தால் அந்த மாதத்து மதியம் முழுவதும் அவருக்கே. மேஜையில் குட்டிக் கொடி, அடுக்கு கேக், வாழ்த்துப் பாட்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் இருக்கும் நாற்காலி அவருக்கு. வாழ்க்கையில் பார்த்த கச்சேரிகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேட்ட தட்டுகளில் ஒன்றைப் போட வேண்டும். ஒன்றே ஒன்று.

ஹென்னிங்கின் முறை ஏப்ரலில். 'துறைமுகத்து ஞாயிறு' தட்டை அவர் சங்கத்துக்கு ஒருமுறைகூடக் கொண்டுவந்ததில்லை. எழுபதுக்காக எடுத்து வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பேக்கரியில் எடுபிடியாக இருந்தபோது முதல் சம்பளத்தில் வாங்கியது. மனைவி பிரிந்து போன குளிர்காலத்தில் அவரைத் தினமும் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது அந்தச் சாக்ஸபோன்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மதியம் தட்டே சொல்லிவிடும் என்று நினைத்திருந்தார். பஸ்ஸில் ஏறி இறங்கின ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் ஒரு முதுகு மட்டும்தான். இந்தப் பத்துப் பேராவது தன்னைக் காது நிறையக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

வீட்டில் ஹெட்போனைத் திருப்பித் திருப்பி மாட்டிப் பார்த்தார். சாக்ஸபோன் வந்தால் மற்றவை இல்லை; மற்றவை வந்தால் சாக்ஸபோன் இல்லை. உருளைக்கிழங்கை ஒரு நாளும் குழம்பை மறுநாளும் தின்பது மாதிரி இருந்தது. மோனோ பொத்தானைப் பற்றி அவர் நினைக்காமல் இல்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் அது கிடையாது, ப்ரெபெனுடையதில் உண்டு. டேப்பைப் பிரிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் லைஃபின் கதிதான்.

மார்ச் மாதக் கூட்டத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் விபெகே. நூலகத்தில் வேலை பார்த்தவர், கணவர் காலமாகி ஐந்தாறு வருஷம் ஆகிறது. ராக் கட்சி. எழுபத்திரண்டாம் வருஷக் கச்சேரியில் உண்மையாகவே இருந்தவர்களில் ஒருவர். சாட்சிக்கு, அன்று மிதிபட்டு நகம் போன கால்விரலைக் காட்டுவார். இரண்டு பேரும் பத்து வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தட்டை ஒருவர் மட்டம் தட்டிக்கொண்டு, மிக ஒற்றுமையாக இருந்தார்கள்.

அன்று காப்பி நேரத்தில் ஹென்னிங் வலது பக்கம் ப்ரெபென் அளந்துகொண்டிருந்ததைக் கேட்டபடி கேக்கை எடுத்து வாயில் போட்டார். திரும்பிப் பார்த்தபோது விபெகே தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் மதியம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. போன மாதம் அவருடைய அபிமானப் பாடகனைச் சேவல் என்று சொன்னது இப்போதுதான் உறைத்திருக்கும்போல, என்று நினைத்துக்கொண்டார் ஹென்னிங். அதற்கும் மனசு கனத்தது. கெட்ட நேரம் வந்தால் சேவலும் சேர்ந்து கொத்துகிறது.

ஏப்ரல் பிறந்ததும் ப்ரெபெனுக்குப் போன் செய்தார்.

"எனக்கு இந்த மதியமெல்லாம் வேணாம்டா. வேற யாருக்காவது குடுத்துடு."

"வேற யாருக்குக் குடுக்கிறது? இந்த வருஷம் எழுபது ஆவுறது நீ ஒருத்தன்தான். வேற ஆளை அவசரமா வயசாக்கச் சொல்றியா?"

"உடம்பு சரியில்ல."

"நேத்துச் சாயங்காலம் பேக்கரியில உன்னைப் பாத்தேன். ரெண்டு பன் தின்னே." ப்ரெபெனின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்தா பாரு, அந்தத் தட்டைக் கேக்கணும்னு நான் எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா? கேக்குக்குச் சொல்லியாச்சு. மரியாதையா வந்து சேரு."

ஹென்னிங் ஒரு முடிவுக்கு வந்தார். போய் உட்கார வேண்டியது. தட்டைப் போட வேண்டியது. கேட்கிற மாதிரி நடிக்க வேண்டியது. கூடத்தில் ஹெட்போன் இல்லை; இடது ஸ்பீக்கரின் ஒலி அறையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கு மங்கலாகவாவது வரும். மிச்சம் மனப்பாடம். ஒவ்வொரு சுரமும் தெரியும். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

அந்த ஞாயிறு நல்ல வெயில். தோட்டங்களில் முதல் டஃபடில் பூக்கள் வந்திருந்தன. கூடத்தில் கொடி, கேக், ரை ரொட்டியில் ஹெரிங் மீன், குட்டிக் குட்டிக் கோப்பைகளில் ஸ்னாப்ஸ் சாராயம். பரிசு மேஜைக்கு இடம் வேண்டும் என்று ப்ரெபென் காலையிலேயே வந்து இடது ஸ்பீக்கரைத் தள்ளி வைத்திருந்தார். பாட்டுப் பாடினார்கள். விபெகேயும் பாடினார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஹென்னிங் அந்த எழுபத்திரண்டாம் வருஷக் கச்சேரியைச் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

"பேக்கரியில பின்வாசல் வழியா தப்பிச்சிட்டேன். கையெல்லாம் மாவு. லண்டன்ல இருந்து அந்த ராக் கோஷ்டி அஞ்சு பேரும் வந்து எறங்குனது மாட்டு வண்டி மாதிரி ஒரு வேன்ல. உள்ள போனா நிக்க இடமில்ல. இடது பக்கத்து ஸ்பீக்கர் கோபுரத்துக்கிட்ட மட்டும் ஆளே இல்ல. அடடா, நம்ம அதிர்ஷ்டம்டான்னு போய் நின்னேன்."

"அங்க ஏன் ஆளில்லன்னு யோசிக்கலையா?" என்றது ஒரு குரல்.

"பதினெட்டு வயசுல யாருடா யோசிக்கிறான்? முதல் அடி கிட்டார்ல விழுந்துச்சு பாரு, என் சட்டையில இருந்த மாவெல்லாம் ஒரே புகையா எழும்பிருச்சு. பக்கத்துல இருந்தவன் நான் தீப்பிடிச்சிட்டேன்னு நெனச்சு என்மேல பீரை ஊத்திட்டான்."

கூடம் அதிர்ந்தது. விபெகேகூடச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டார். வீட்டுக்கு எப்படிப் போனேன் என்றே தெரியாது, மறுநாள் முழுக்க முதலாளி திட்டினது ஒன்றும் காதில் விழவில்லை, அதுதான் அவர் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான வேலைநாள் என்று ஹென்னிங் முடித்தார்.

பிறகு தட்டு. ஹென்னிங் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ப்ரெபென் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முள் இறங்கியது. கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

வலது பக்கம் பியானோ வந்தது. டிரம்ஸ் வந்தது. ஹென்னிங் கண்ணை மூடிக்கொண்டார். இதோ, இப்போது சாக்ஸபோன். மங்கலாகவாவது வரும்.

ஒன்றும் வரவில்லை. போன மாதம் வரை மற்றவர்கள் தட்டுகளில் இடது பக்கத்து வாத்தியங்கள் பனிக்குள் நிற்கிறவர்கள் மாதிரியாவது தெரிந்தன. இன்று அந்தப் பக்கத்தில் உலகமே இல்லை. முடிந்தது, காது முழுசாகப் போய்விட்டது, அதுவும் பிறந்தநாளாகப் பார்த்துப் போய்விட்டது என்று ஹென்னிங் நினைத்தார். எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

ஓடவில்லை. மனசுக்குள் இருக்கிற சாக்ஸபோனை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அது ஏறுகிற இடத்தில் புருவத்தை ஏற்றினார். மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் மூச்சு வாங்கினார். இரண்டாவது பாட்டில் ஹார்லன் வீட்டி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிற இடம் வந்தது. ஹென்னிங் ஒரு விரலைத் தூக்கி, அது முடிகிற நொடியில் மெல்ல இறக்கினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அது நடிப்பு இல்லை.

பக்கம் முடிந்தது. முள் எழுந்தது. ஹென்னிங் கண்ணைத் திறந்தார்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ப்ரெபென் வெளுத்துப்போய் நின்றார்.

"ஹென்னிங்," என்றார். "சாக்ஸபோன்... எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்." ஹென்னிங் சிரிக்கப் பார்த்தார். "அந்த நீளமா புடிக்கிற இடம் இருக்கே, அத கேட்டீங்கல்ல? அப்பா! இப்படி ஊத இன்னொருத்தன் பொறக்கணும்."

அறையில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். வலது பக்கமாகப் பறந்தால் ஹென்னிங்குக்கும் கேட்டிருக்கும்.

ப்ரெபென் மண்டியிட்டு இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் கையை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் வயரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஸ்பீக்கரைத் தள்ளுனப்ப கழண்டிருக்கு," என்றார். "சாக்ஸபோன் வரவே இல்ல ஹென்னிங். ஆரம்பத்துல இருந்தே வரல. யாருக்குமே கேக்கல. முள் ஓடுறப்ப பேசக் கூடாதுன்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தோம். நீ எழுந்து சத்தம் போடுவேன்னு பாத்தோம். நீ என்னடான்னா..."

ஹென்னிங்குக்கு முகமெல்லாம் சூடேறியது. வயர் நன்றாக இருந்தபோது வயரைச் சந்தேகப்பட்டார். வயர் கழன்று கிடந்தபோது காதைச் சந்தேகப்பட்டார். இவ்வளவு வருஷம் தட்டு கேட்டு என்ன பிரயோஜனம்? கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்தார்.

"இரு," என்றது விபெகேயின் குரல். அவர் மறுகோடியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். "மார்ச் மாசம் நான் உனக்கு எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?"

"இடது பக்கம். எப்பவும் அங்கதானே உக்காருவே."

"அப்ப நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ கேக்கை எடுத்து வாயில போட்டுக்கிட்டே. ஞாபகம் இருக்கா?"

"கேக் ஞாபகம் இருக்கு," என்றார் ஹென்னிங். பிறகு உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? "அந்தக் காது போயிடுச்சு விபெகே. சுத்தமா போயிடுச்சு. நான் சொல்லல. லைஃப் மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

லைஃபின் பெயரைக் கேட்டதும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், வெட்கம் என்று ஒன்று அவர்களுக்கு இருந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

ப்ரெபென் வயரைப் பொருத்தித் திருகினார். ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்தார். பல் டாக்டரின் நகத்தால் அந்தத் தோல்நிற டேப்பின் ஓரத்தைக் கிளப்பினார். வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது, லேசில் வரவில்லை. பல்லைப் பிடுங்குவது மாதிரி ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்.

"ப்ரெபென், வேணாம்டா. எனக்காக நீ..."

"வாயை மூடுடா. உனக்காக இல்ல. நான் பண்ண வேலைக்கு." ப்ரெபெனுக்குக் குரல் உடைந்தது. "லைஃப் வராதப்ப நாலு தெரு நடந்து போய் ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நாளைக்குப் போறேன். நீயும் வா."

பொத்தானை அழுத்தினார். டொக் என்றது. அதே தட்டு, அதே பக்கம், அதே நாளில், இரண்டாம் முறை. சங்கத்தின் சட்டம் ஒரே மூச்சில் இரண்டு உடைந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பியானோ வந்தது. டிரம்ஸ் வந்தது. பிறகு, இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும், அறையின் நடுவிலிருந்து எழுந்து வருகிற மாதிரி, சாக்ஸபோன் வந்தது. நல்ல காதுக்குள் நேராக நுழைந்தது. பியானோவோடு தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தது. ஹென்னிங் இந்த முறை கண்ணை மூடவில்லை, புருவத்தை ஏற்றவில்லை, விரலைத் தூக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, மீன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த நீளமான சுரம் வந்தபோது பத்துப் பேரும் தட்டைக் கேட்காமல் அவர் முகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் டிரைவரின் முதுகு அன்று திரும்பிவிட்டது.

பக்கம் முடிந்ததும் கூடம் ஆரவாரம் செய்தது. ஸ்னாப்ஸ் ஊற்றினார்கள். மோனோவில் டிரம்ஸ்காரன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லையே என்று யாரோ கேட்க, "டென்மார்க்லதான் எங்கயாவது நிப்பான், பேசாம கேளு," என்றார் ப்ரெபென்.

விபெகே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹென்னிங்கின் இடது பக்கத்தைத் தாண்டிச் சுற்றிப் போய், வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என் பாட்டுக்காரனைச் சேவல்னு சொன்னதுக்குத்தான் கோவம்னு நெனச்சேன்," என்றார் ஹென்னிங்.

"அதுக்கும் கோவம்தான். அது தனிக் கணக்கு." விபெகே கோப்பையை மேஜையில் வைத்தார். கன்னம் லேசாகச் சிவந்திருந்தது. ஸ்னாப்ஸ் இன்னும் குடிக்கவில்லை. "அன்னைக்கு நான் கேட்டது இதான். ஜூலையில கோபன்ஹேகன்ல ஜாஸ் விழா. எனக்கு ஜாஸ் பிடிக்காதுன்னு உனக்கே தெரியும். என் தங்கச்சி வீடு அந்த வாரம் காலியா இருக்கு. நாம ரெண்டு பேரும் போலாமா?"

ஹென்னிங் கையிலிருந்த கேக்கை மெல்லத் தட்டில் வைத்தார்.

"என்ன ஹென்னிங், இந்தப் பக்கமும் கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றார் ஹென்னிங். "நல்லாவே கேட்டுச்சு. இன்னொரு தடவ சொல்லேன். இன்னைக்குத்தான் எதையும் ரெண்டாம் தடவ கேக்கலாமே."